முதல் முயற்சி: மொட்டை மாடியில் லைட்சேபர் கைப்பிடி. எங்கே தப்பு பண்றேன்?

அல்சூர் பையன்:
கைவேலையில் என் மொத்த அனுபவம் எட்டாவது படிக்கும்போது செய்த எரிமலை. அதையும் அப்பாதான் செய்தார், நான் சமையல் சோடா கொட்டினேன். இந்த லட்சணத்தில் ஒரு ஆசை. ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் (1977) ஹீரோ லூக் கையில் ஒளி வாள் வருமே, அந்த லைட்சேபரின் கைப்பிடியை நானே செய்யணும். ரெடிமேடா கிடைக்குதுன்னு தெரியும், தயவுசெய்து லிங்க் போடாதீங்க. வாங்கற ஆசை இல்ல, செய்யற ஆசை.

இதுவரை: ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு அடி, எம்-சீல் ரெண்டு பாக்கெட், ஃபெவிக்விக், சில்வர் ஸ்ப்ரே ஒரு டப்பா. மேல் முனை கொஞ்சம் விரிஞ்சிருக்கணும்னு பைப்பை கேஸ் அடுப்பில் காட்டினேன். விரிஞ்சது, கருகியும் போச்சு. அந்த இடத்தை எம்-சீல் வச்சு மூடினேன். சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து ஸ்ப்ரே அடிச்சேன். இப்ப பார்த்தா இட்லி குண்டானுக்குப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கு. சில்வருக்கு அடியில் பைப் கம்பெனி பேர் அழகாத் தெரியுது. ரெண்டு இடத்தில் பெயின்ட் வழிஞ்சு நிக்குது. என் கட்டைவிரல் ரேகையும் நிரந்தரமாப் பதிஞ்சிருக்கு.

லேத் கிடையாது, 3டி பிரின்டர் கிடையாது. வாடகை வீடு, கீழே ஓனர் அம்மா. ஸ்ப்ரே வாசனைக்கு ஏற்கனவே ஒரு தடவை மேலே வந்துட்டுப் போயிட்டாங்க. பட்ஜெட் 1,500 ரூபாய், அதில் பாதி காலி. என்ன பண்ணலாம்?

உப்புத்தாள்:
தம்பி, பெயின்ட் வேலையே தேய்க்கறதுதான். அடிக்கறது கடைசி அஞ்சு நிமிஷம்.

பிவிசி மேலே ஒரு வழுவழுப்பு இருக்கும், அதில் எந்தப் பெயின்டும் ஒழுங்காப் பிடிக்காது. 120 நம்பர் உப்புத்தாள் எடுத்து அந்த அச்செழுத்து முழுக்கப் போற வரைக்கும் தேய். அப்புறம் 220, அப்புறம் 400. ஒவ்வொரு நம்பரும் முந்தின நம்பர் போட்ட கீறலை எடுக்கறதுக்கு. நடுவில் ஒண்ணைத் தாண்டினா கீறல் அப்படியே நிக்கும், சில்வர் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். கறுப்பு பெயின்ட் மன்னிக்கும், சில்வர் மன்னிக்காது.

எம்-சீல் ஒட்டின இடமும் பைப்பும் விரல் நுனிக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. கண்ணை மூடிட்டுத் தடவிப் பாரு, கண்ணை நம்பாதே. அப்புறம் சாம்பல் நிற பிரைமர். பிரைமர் அடிச்சதும் இதுவரை தெரியாத பள்ளமெல்லாம் பல்லைக் காட்டும். திரும்ப நிரப்பு, 400 வச்சுத் தேய், திரும்ப பிரைமர். மூணு சுற்று ஆகும். அதுக்கப்புறம் சில்வர், ஒரு அடி தூரத்தில் டப்பாவைப் பிடிச்சு மெல்லிசா, கையை நிறுத்தாம. வழியுதுன்னா கிட்டப் பிடிச்சிருக்கேன்னு அர்த்தம்.

மாடிவீட்டுக்காரி:
மத்ததெல்லாம் அப்புறம். பிவிசியை நெருப்பில் காட்டினேன்னு இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க! பிவிசி கருகினா வர்ற புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி இருக்கும். அதை அடுப்படியில் நின்னு மோந்திருக்கீங்க. இனிமே செய்யாதீங்க. பிவிசி சுமார் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிச்சிடும். கொதிக்கிற தண்ணியில் முனையை முக்கிட்டு, துணி வச்சுப் பிடிச்சு, ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடிப்பக்கத்தை உள்ளே அழுத்துங்க. டம்ளர் சாய்வாத்தானே இருக்கும், அளவா விரிஞ்சுடும். உடனே பச்சைத் தண்ணியில் விட்டா அப்படியே நின்னுடும்.

இன்னொண்ணு, மாஸ்க். தேய்க்கும்போது என்95 போதும், அது தூசிக்கு. ஸ்ப்ரே அடிக்கும்போது அது உதவாது, ஆவி அதில் நேராப் போகும். கரி வடிகட்டி வச்ச மாஸ்க் வாங்குங்க. பட்ஜெட்டில் முதல் செலவு அதுவா இருக்கட்டும்.

பழைய ஃப்ளாஷ்:
அளவு பற்றி யாரும் பேசவில்லையே. அந்தக் கைப்பிடி கற்பனையில் பிறந்தது அல்ல. கிராஃப்ளெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பிரஸ் கேமராவுக்கான (பத்திரிகைக்காரர்கள் வைத்திருந்த கேமரா) ஃப்ளாஷ் கைப்பிடி அது. படத்தின் செட் டெக்கரேட்டர் ராஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு போட்டோ சாமான் கடையில் பழைய பெட்டிக்குள் கண்டெடுத்தார். அதன்மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார், கைப்பிடியைச் சுற்றி இறுக்கும் கிளாம்புக்குள் ஒரு கால்குலேட்டரின் எண் திரையில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையைச் செருகினார். அவ்வளவுதான். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு 1978இல் ஆஸ்கர் கிடைத்தபோது அதை வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஆகவே அளவுக்கு எங்கும் அலைய வேண்டாம். அந்தக் கைப்பிடி மூன்று பெரிய டார்ச் பேட்டரி போடுவதற்காகச் செய்தது. டி சைஸ் பேட்டரியின் குறுக்களவு சுமார் 34 மி.மீ., நீளம் சுமார் 61. மூன்றை வரிசையாக வைத்துப் பாருங்கள், கைப்பிடியின் உடம்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் வாங்கிய ஒன்றேகால் இஞ்ச் பிவிசியின் வெளிவிட்டம் 42 மி.மீ. இருக்கும். கடையில் இஞ்ச் கணக்கில் சொல்வது வேறு, வெளிவிட்டம் வேறு. குண்டாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், இட்லி குண்டான் அல்ல.

அல்சூர் பையன்:
பேட்டரி விஷயம் அடிச்சு நொறுக்கிடுச்சு சார். கடையில் போய் மூணு டி செல் வாங்கி டேபிளில் வரிசையா வச்சுப் பார்த்தேன். ஆமா, அதேதான்! இவ்வளவு நாள் போட்டோவை ஜூம் பண்ணி ஸ்கேல் வச்சு அளந்துட்டு இருந்தேன்.

மாடிவீட்டுக்காரி அக்கா, மன்னிச்சுக்கோங்க. டம்ளர் ஐடியா எடுத்துக்கிட்டேன்.

சர்க்யூட் தம்பி:
மச்சா கைப்பிடி மட்டும் செஞ்சு என்ன பண்ணப் போற? பிளேடு வேணாமா? எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போ, ஒரு மீட்டருக்கு 144 எல்இடி இருக்கற ஸ்ட்ரிப் எடு, பாலிகார்பனேட் டியூபுக்குள்ள விடு, அதைக் கன்ட்ரோல் பண்ண சின்னதா ஒரு ஆர்டுயினோ போர்டு. ஆன் பண்ணினா அடியிலேர்ந்து நுனி வரைக்கும் சர்ருனு ஏறும். சத்தத்துக்கு ஒரு சவுண்ட் போர்டு. மாஸ் காட்டலாம்.

ஞாயிறு சந்தை:
தம்பி, அவன் இன்னும் உப்புத்தாளையே தாண்டல.

அந்த ஸ்ட்ரிப்பில் ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்ப் வரைக்கும் இழுக்கும். 144ஐ அதால் பெருக்கு. எட்டரை ஆம்ப்புக்கு மேல. முதல் தடவை சால்டரிங் அயர்ன் பிடிக்கறவன் பழைய லேப்டாப் செல்லைக் கழட்டி அதில் மாட்டி, ஷார்ட் ஆச்சுன்னா? கையில் பிடிச்சிருக்கறது குழாய், ரெண்டு பக்கமும் மூடின குழாய். நான் பயமுறுத்தல, என் சொந்த மேஜையில் ஒரு கறுப்பு வட்டம் இன்னும் இருக்கு. அது ரெண்டாவது வாளுக்கு இருக்கட்டும்.

சர்க்யூட் தம்பி:
பிரைட்னஸைக் குறைச்சா கரண்டும் குறையும்ணா. ஃபியூஸ் போட்டுக்கலாம். ஆனா சரி, முதல் பில்டுக்கு வேணாம். ஒத்துக்கறேன்.

கூத்துக்கட்டை:
பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன், பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம். என் தாத்தா தெருக்கூத்துக்குக் கட்டை செய்கிறவர். கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார். அந்த மரம் தக்கை மாதிரி லேசு. விடியவிடிய ஆடுகிறவன் தலையில் பாரம் நிற்கக் கூடாது அல்லவா? செதுக்கின கட்டை மேல் வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கிரீடத்தின் பின்பக்கம் சொரசொரவென்று இருப்பதைப் பார்த்து, இதை ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டேன். "துரியோதனன் முதுகைக் காட்டினால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். கண்ணாடித் துண்டுகளையும் அவர் ஒரே தளமாக ஒட்டமாட்டார். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்றுதான், ஆடுகிறவன் தலையை எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு சில்லு மின்ன வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தால் கோணல்மாணல். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் ராஜா.

தம்பி, உங்கள் வாளை யார், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்கள்? அதை முடிவு செய்துவிட்டால் எதைத் தேய்ப்பது, எதை விடுவது என்று உங்களுக்கே தெரியும்.

உப்புத்தாள்:
ஐயா சொல்றது மேடைக்குச் சரி. இவன் கையில் வச்சுப் பார்க்கப் போறான், அலமாரியில் வைக்கப் போறான். ரெண்டடி தூரம். நான் தேய்க்கத்தான் சொல்வேன்.

கூத்துக்கட்டை:
ரெண்டடி என்றால் தேய்க்கத்தான் வேண்டும். மறுக்கவில்லை.

அல்சூர் பையன்:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன். நல்ல சேதி இல்ல.

40 மி.மீ. பைப் புதுசா வாங்கினேன். டம்ளர் முறையில் முனை விரிஞ்சது, அழகா வந்தது. உப்புத்தாள் அண்ணன் சொன்ன மாதிரி நாலு சாயங்காலம் தேய்ச்சேன், மூணு சுற்று பிரைமர். கண்ணை மூடித் தடவினா ஒரே பைப். அப்புறம் குரோம்னு எழுதின ஸ்ப்ரே வாங்கி அடிச்சேன். அடிச்ச அஞ்சு நிமிஷம் கண்ணாடி! என் மூஞ்சியே தெரிஞ்சது. விரல் பட்டா அழியுதுன்னு மேலே கிளியர் கோட் அடிச்சேன். வெறும் சாம்பல் ஆயிடுச்சு. அதுவும் சரின்னு காய வச்சிருந்தேன், பெங்களூர் மழை தெரியுமே, நாலு மணிக்கு வெயில், அஞ்சு மணிக்குக் கொட்டுது. நனையல, ஷெட்டுக்குள்ளதான் இருந்தது. ஆனா காலையில் பார்த்தா மேலே வெள்ளையாப் பூத்துக் கிடக்கு.

நாலு சாயங்காலம்ணா. நாலு.

உப்புத்தாள்:
ஈரக்காத்தில் அடிச்சா அப்படித்தான் பூக்கும். பெயின்ட் காயும்போது மேற்பரப்பு சில்லுனு ஆகி காத்திலிருக்கற ஈரத்தைப் பிடிச்சுக்கும். மழை வர்ற நாளில் அடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும், தப்பு என்னுது. டப்பா குரோம் மேலே கிளியர் அடிச்சா மங்கும், அதையும் சொல்லல.

800 வச்சுத் தண்ணி போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாம். அடியில் பளபளன்னு கறுப்பு அடிச்சுக் காயவிட்டு அதுமேல குரோம். கிளியர் வேண்டாம்.

ஞாயிறு சந்தை:
ஏன்யா பிளாஸ்டிக்கை உலோகமாக்க இவ்வளவு பாடுபடறீங்க? உலோகத்தையே எடுத்தா என்ன?

வாஷ் பேசினுக்கு அடியில் பளபளன்னு ஒரு பைப் சுவருக்குள்ள போகுமே, பாட்டில் டிராப்போட வேஸ்ட் பைப். குரோம் பூச்சு ஏற்கனவே இருக்கு. ஞாயித்துக்கிழமை அவென்யூ ரோடு, பி.வி.கே. ஐயங்கார் ரோடு பக்கம் தெருவில் கடை விரிப்பாங்க, பழைய குழாய் சாமான் குவியலாக் கிடக்கும். போகும்போது ஒரு காந்தம் எடுத்துட்டுப் போ. ஒட்டினா இரும்பு, சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒட்டலைன்னா பித்தளையோ எவர்சில்வரோ இருக்கும். அமெரிக்காவில் இதே வாளைச் செய்யறவங்க சிங்க் பைப்பில் செய்யறது ரொம்ப நாளா இருக்கற வழக்கம், நான் புதுசாக் கண்டுபிடிக்கல.

அந்தப் படத்திலேயே லூக்கோட குரு ஓபி-வான் வாளோட அடிமுனை எது தெரியுமா? பாத்ரூம் குழாயைத் திருகற கைப்பிடி. நடுவில் துப்பாக்கியில் வச்சு எறியற பழைய குண்டோட பாகம், மேல்முனையில் ஜெட் என்ஜின் பைப் துண்டு. எல்லாம் காயலான் கடைச் சரக்கு. அவங்க காயலான் கடையில் எடுத்ததை நீ பிவிசியில் செதுக்கிட்டு இருக்கே.

பழைய ஃப்ளாஷ்:
வேஸ்ட் பைப் 32 மி.மீ. தான் வரும். ஒல்லியாகத் தெரியும். பேட்டரியே உள்ளே போகாது. அதைக் கிராஃப்ளெக்ஸ் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு சந்தை:
சார், அவன் பேட்டரி போடப் போறதில்ல.

பழைய ஃப்ளாஷ்:
சொல்லவேண்டியதைச் சொன்னேன். ஆனால் ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் குழாயின் அகலத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, நீளம் அதைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 32ஐ அதால் பெருக்குங்கள். கிட்டத்திலிருந்து எடுத்த படம் வேண்டாம், அதில் முன்பக்கம் பெருத்துத் தெரியும், கணக்கு கெடும்.

அல்சூர் பையன்:
ஏறக்குறைய ஏழு மடங்கு வந்தது சார். 32க்கு 224. என் கை சின்னது, எனக்கு இது சரியாவே இருக்கும்.

ஞாயித்துக்கிழமை போனேன். குவியலைக் கிளறிட்டு இருந்தப்ப கடைக்காரர் "ஏனு பேக்கு?"ன்னார். என்ன வேணும்னு எனக்கே எந்த மொழியிலும் சொல்லத் தெரியல. வேஸ்ட் பைப்னு சொன்னேன். "பேசின் சைஸ் என்ன?"ன்னார். பேசின் இல்லன்னேன். காந்தத்தை எடுத்து ஒவ்வொண்ணா வச்சுப் பார்த்ததும் என்னைப் பழைய இரும்பு வியாபாரின்னு நினைச்சு விலையை ஏத்திட்டார். கடைசியில் 120 ரூபாய்.

மாடிவீட்டுக்காரி:
அறுக்கறதுக்கு முன்னாடி அறுக்கற இடத்தைச் சுத்தி மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து ஒட்டுங்க, டேப் மேலேயே அறுங்க. இல்லன்னா குரோம் செதில் செதிலாப் பேர்ந்துடும். நுனியை அரம் வச்சு மழுக்காமத் தொடாதீங்க, ப்ளேடு மாதிரி இருக்கும்.

குரோம் மேல ஃபெவிக்விக் நிக்காது, சுத்தி வெள்ளையாப் படியும் வேற. ஒட்டற இடத்தை மட்டும் கீறிவிட்டு அரால்டைட் போடுங்க, ராத்திரி முழுக்கக் காயட்டும். கறுப்புப் பட்டைக்கு அலுமினிய ஜன்னல் செய்யற கடையில் கேளுங்க. கண்ணாடி ஆடாம இருக்க ஒரு கறுப்பு ரப்பர் பீடிங் போடுவாங்க, அதில் நடுவில் ஒரு வரி மேடு இருக்கும். துண்டு துணுக்கு சும்மாவே தருவாங்க.

பழைய ஃப்ளாஷ்:
கிளாம்பில் செருக அந்தக் குமிழ்ப் பட்டை சுலபமாகக் கிடைக்காது. 1980இல் வந்த இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்தின் கைப்பிடியில் அந்த இடத்தில் சர்க்யூட் போர்டுத் துண்டு இருக்கும். அது சுலபம்.

சர்க்யூட் தம்பி:
செத்துப்போன கம்ப்யூட்டர் ராம் ஸ்டிக்! அடியில் தங்க நிறப் பல்லு வரிசை இருக்குமே, அதை அறுத்து எடு. எஸ்.பி. ரோட்டில் ரிப்பேர் கடையில் கேட்டா அள்ளிக் கொடுப்பாங்க. கைப்பிடியில் வர்ற சிவப்புப் பொத்தானும் அங்கேயே கிடைக்கும். ஆனா ஞாயிறு போகாதே, பெரும்பாலான கடை மூடியிருக்கும்.

கூத்துக்கட்டை:
வாளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டதே. அந்தப் படத்தில் அதை எப்படிச் செய்தார்கள்? யாருக்காவது தெரியுமா?

பழைய ஃப்ளாஷ்:
ஐயா, முதல் படத்தில் கைப்பிடிக்குள் சிறு மோட்டார் வைத்து ஒரு கோலைச் சுழலவிட்டார்கள். கோலின் மேல் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பூச்சு. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து விளக்கு அடித்தால் கோல் மட்டும் மின்னும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் அதன் மேல் வரைந்து நிறம் ஏற்றினார்கள்.

ஞாயிறு சந்தை:
அட, அது நம்ம ரேடியம் ஸ்டிக்கர்! லாரி பின்னாடி, ஆட்டோ பின்னாடி ஒட்டறது. பேர்தான் ரேடியம், உள்ளே ரேடியம் ஒரு சிட்டிகை கிடையாது, பொடிப்பொடிக் கண்ணாடி மணி. ஹெட்லைட் பட்டா பின்னாடி வர்ற டிரைவர் கண்ணுக்கே திரும்பி வரும்.

தம்பி, ஜே.சி. ரோட்டில் ஸ்டிக்கர் கடையில் வெள்ளை ரோல் ஒரு மீட்டர் வாங்கு. கரண்ட் வேலைக்குப் போடற 25 மி.மீ. பைப் மேல காத்துக் குமிழ் இல்லாமச் சுத்து. பேட்டரி வேண்டாம், சால்டரிங் வேண்டாம், எட்டரை ஆம்ப் வேண்டாம்.

சர்க்யூட் தம்பி:
யோவ், இது நல்லாயிருக்கு.

அல்சூர் பையன்:
முடிச்சுட்டேன். நேத்து ராத்திரி.

பைப் அறுக்கும்போது ஒரு இடத்தில் டேப்பைத் தாண்டி ரம்பம் வழுக்கிடுச்சு, விரல்நீளக் கீறல். அது மேலேயே ஒரு ரப்பர் பட்டையை ஒட்டிட்டேன். பட்டைகளுக்கு நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இல்லைன்னா ஏன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். கிளாம்புக்கு ஹோஸ் கிளிப், அதுக்குள்ள ராம் பல்லு. மொத்தச் செலவு, தண்டமாப் போனதையும் சேர்த்து, 1,740. பட்ஜெட் தாண்டிடுச்சு.

லைட்டை அணைச்சுட்டு அம்மாவைக் கூப்பிட்டேன், ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. தங்கச்சி கையில் வாளைக் கொடுத்தேன். போனில் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்தேன். திரையில் ரூம் முழுக்க இருட்டு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு எரியுது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அம்மா ஓரமா நின்னுட்டு "எங்கடா எரியுது? பைப்தானே இருக்கு"ன்னாங்க. வெளிச்சம் வந்த பக்கமேதானே திரும்பிப் போகும், பக்கவாட்டில் நிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும். போனை அவங்க கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் தங்கச்சியைப் பார்த்து, "இன்னொரு தடவை சுத்துடி"ன்னாங்க.

உப்புத்தாள்:
அந்த பிவிசி என்னாச்சு? நாலு சாயங்காலம் தேய்ச்சது.

அல்சூர் பையன்:
ஓனர் அம்மா அகர்பத்தி போட்டு வைக்க வாங்கிட்டுப் போயிட்டாங்கண்ணா. ரொம்ப வழுவழுன்னு இருக்காம்.